அடுத்த ஊரில் கரண்ட் கிடைக்குமா? - மின்சாரக் கார் நெடும்பயணத்தின் வரலாறு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் வருகிற ஊர் படப்பை. பழந்தமிழில் 'படப்பை' என்றால் தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை என்று பொருள். இன்று அந்தத் தோட்டத்தைச் சுற்றி முளைத்திருப்பவை கார் தொழிற்சாலைகள்! கிழக்கே வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்த ஆலை இருந்தது. மேற்கே ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளியே வருகின்றன.

இந்த ஆலைகளுக்குக் காலையும் மாலையும் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்களில் வெளிமாவட்டக்காரர்கள் நிறைய. பொங்கல், தீபாவளி வந்துவிட்டால் சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மதுரை என்று ஊர் திரும்ப வேண்டும். மதுரைக்கே 400 கி.மீ.க்கு மேல் ஆகும்.

பெட்ரோல் காரில் போகிறவர் இதற்காகப் பெரிதாகத் திட்டம் எதுவும் போடுவதில்லை. முள் கீழே இறங்கினால் அடுத்த பங்க்கில் வண்டியைத் திருப்புவார், அவ்வளவுதான். மின்சாரக் காரில் போகிறவரோ முதல் நாள் இரவே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். எங்கே நிறுத்துவது? அங்கே சார்ஜர் வேலை செய்யுமா? நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள்?

இது ஏதோ புதுப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! கார் பிறந்த நாளிலிருந்தே கூட வருகிற கேள்வி இது. மின்சாரக் கார் நெடுந்தூரம் போகுமா, போகாதா என்பதைக் காரை விட அதிகமாக சாலையோரம்தான் தீர்மானித்திருக்கிறது. 1888 முதல் இன்று வரையிலான கதையைப் பார்த்தால் இது நன்றாகவே விளங்கும்.

மருந்துக் கடையில் பெட்ரோல்

உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண். கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை வாங்குவதற்கு ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, தம் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, தம் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. அப்போது உலகத்தில் எங்குமே பெட்ரோல் பங்க் கிடையாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடைக்குப் போய், துணிக்கறை போக்க விற்ற 'லிக்ராய்ன்' என்ற பெட்ரோலிய திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு மேலே போனார். அந்தக் கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்று சொல்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பெரும்பாலோர் பெர்த்தாவின் துணிச்சலுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெட்ரோலை பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாம். யாருக்காக என்று தெரியாமலே ஒரு கடைக்காரர் அதை வைத்திருக்கலாம். அதாவது சாலை தயாராகும் முன்பே பெட்ரோல் கார் கிளம்ப முடிந்தது.

மின்சாரத்தை அப்படி பாட்டிலில் வாங்க முடியாது. அது ஓரிடத்தில் உற்பத்தியாகி, கம்பி வழியாக வந்து, அங்கே நின்றுதான் ஏற வேண்டும். நிற்கிற இடத்தில் கம்பி இல்லையென்றால் கார் எவ்வளவு நல்ல காராக இருந்தும் பயனில்லை.

மின்சாரம் முன்னணியில் இருந்த காலம்

அப்படியானால் ஆரம்பத்தில் மின்சாரக் கார் பின்தங்கியா இருந்தது? அதுதான் இல்லை! மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் காரே மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரல் 29 அன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்சி, பாரிஸ் அருகே தம் காரை மணிக்கு 105.88 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

1900ல் அமெரிக்காவில் தயாரான கார்களின் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. மொத்தம் 4,192 கார்கள். அவற்றில் நீராவிக் கார் 1,681, மின்சாரக் கார் 1,575, பெட்ரோல் கார் வெறும் 936! பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை முறியும். புகை, சத்தம், நாற்றம் வேறு. மின்சாரக் காரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நகரத்துக்குள் சுற்ற அதைவிட நல்ல வண்டி அன்று இல்லை.

'நகரத்துக்குள்' என்பதில்தான் சிக்கல் இருந்தது. கரண்ட் இருந்ததும் நகரத்துக்குள் மட்டும்தான்.

1908: ஒரு மாதப் பயணம்

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்திக்கத் துணிந்தவர் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த ஆலிவர் ஃப்ரிட்ச்லி. வேதியியல் படித்தவர். ஒரு முறை சார்ஜ் செய்தால் 100 மைல், அதாவது 160 கி.மீ. ஓடும் என்று சொல்லித் தம் கார்களை விற்றார். அதை நிரூபிக்க நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரிலிருந்து நியூயார்க்குக்குப் போவதாக அறிவித்தார். மற்ற மின்சாரக் கார் கம்பெனிகளையும் போட்டிக்கு அழைத்தார். யாரும் வரவில்லை.

1908 அக்டோபர் கடைசியில் தனியாகவே புறப்பட்டார். சுமார் 1,800 மைல் தூரம், 2,900 கி.மீ. சொச்சம். ஓட்டிய நாட்கள் மட்டும் 20. சராசரியாக நாளுக்கு 145 கி.மீ. தார் போடாத மண் சாலைகளில், ஈயப் பலகை பேட்டரியோடு, இது பெரிய சாதனைதான். இரவில் தங்கும் ஊரில் பேட்டரியை நிரப்பிக்கொள்வார், காலையில் கிளம்புவார். பகலில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அடுத்து மின்சாரம் இருக்கிற ஊர்தான் முடிவு செய்தது.

கார் ஜெயித்தது. ஆனால் வியாபாரம் ஜெயிக்கவில்லை. அதே 1908 அக்டோபரில்தான் ஹென்றி ஃபோர்டு தம் மாடல் டி காரை விற்க ஆரம்பித்தார். விலை குறைவு. 1901ல் டெக்சாஸில் பெரிய எண்ணெய் ஊற்று கிடைத்ததிலிருந்து பெட்ரோலுக்கும் பஞ்சமில்லை. 1912ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்ததும் கைப்பிடி சுற்றும் வேலையும் ஒழிந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஸ்டார்ட்டர் ஓடுவது பேட்டரி கரண்ட்டில்! மின்சாரக் காரை ஒழித்ததில் ஒரு சின்ன மின்சார மோட்டாருக்கும் பங்குண்டு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் கிராமம். 1930களின் நடுப்பகுதியில் கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. பெட்ரோல் டின்னோ மளிகைக் கடை வரைக்கும் போய்விட்டது. ஊர் தாண்டிப் போக விரும்பியவர்கள் எதை வாங்குவார்கள்? சொல்லவே வேண்டாம்.

கம்பியோடு வந்த வண்டிகள்: சென்னையும் தாம்பரமும்

மின்சாரக் கார் சாலையிலிருந்து மறைந்தாலும் மின்சார வண்டி மறையவில்லை. கம்பி கூடவே வந்த இடங்களில் அது நன்றாக ஓடியது. இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம், சென்னையே போதும்.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது சென்னையில்தான். 1953 ஏப்ரல் வரை, 58 ஆண்டுகள் அது ஓடியது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. கம்பி எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும் டிராம் போகும்.

அடுத்து ரயில். 1931ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் வந்தது. ஆக, படப்பைக்குப் பக்கத்து ஊரான தாம்பரத்துக்கு மின்சாரத்தில் ஓடும் வாகனம் வந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அதற்கு அடுத்த ஆண்டு, 1932ல், நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிறகு வந்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் கிராமங்களுக்குக் கம்பி போனது, பம்ப்செட்டுகள் வந்தன. வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போன கம்பிதான், பல ஆண்டுகளுக்குப் பிறகு நெடுஞ்சாலையோரத்தில் கார் சார்ஜர் வைக்க அடிப்படையானது. இந்தப் பக்கத்தில் கரண்ட் இல்லாத ஊர் இல்லை என்ற நிலை ஃப்ரிட்ச்லிக்குக் கிடைக்காத பாக்கியம்!

1968: மாணவர்கள் நடத்திய போட்டி

ஃப்ரிட்ச்லிக்கு 60 ஆண்டுகள் கழித்து, சாலையை முதலில் தயார் செய்துவிட்டுக் காரை ஓட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு கல்லூரிகள் சோதித்துப் பார்த்தன. கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் மாணவர் வாலி ரிப்பல், அமெரிக்காவின் மறு கோடியில் இருந்த எம்.ஐ.டி. மாணவர்களுக்கு ஒரு சவால் விட்டார். நீங்கள் அங்கிருந்து இங்கே வாருங்கள், நாங்கள் இங்கிருந்து அங்கே வருகிறோம். மின்சாரக் காரில்! யார் முதலில் என்று பார்க்கலாம்.

1968 ஆகஸ்ட் 26 அன்று இரண்டு வண்டிகளும் எதிரெதிர் திசையில் கிளம்பின. கால்டெக்கிடம் ஈய பேட்டரி ஏற்றிய பழைய ஃபோக்ஸ்வேகன் வேன். எம்.ஐ.டி.யிடம் விலை உயர்ந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி ஏற்றிய கோர்வேர் கார். தூரம் 3,311 மைல், சுமார் 5,300 கி.மீ. வழி நெடுக 54 இடங்களில் சார்ஜ் செய்ய ஏற்பாடு. அதாவது ஏறக்குறைய 100 கி.மீ.க்கு ஓரிடம். சூடாகிவிட்ட பேட்டரிகளின் மேல் ஐஸ் கட்டிகளைக் கொட்டிக் குளிர வைத்தார்கள்!

முதலில் ஊர் போய்ச் சேர்ந்தது எம்.ஐ.டி. கார். ஆனால் வழியில் பழுதாகிக் கயிறு கட்டி இழுக்கப்பட்டதற்காக அபராத நேரம் சேர்த்ததில் கால்டெக் வென்றது. சுமார் 210 மணி நேரப் போட்டியில் வித்தியாசம் வெறும் அரை மணி. ரிப்பல் பின்னாளில் டெஸ்லா உள்ளிட்ட இடங்களில் மின்சாரக் கார் வேலையையே தொடர்ந்து செய்தார்.

இந்தப் போட்டியில் கவனிக்க வேண்டியது அந்த 54 என்ற எண். போட்டி முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிந்தது. அடுத்த மாதம் அதே சாலையில் அதே வேனை ஓட்ட நினைத்தால் முடிந்திருக்காது. கார் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சாலையோரம் பழையபடி பெட்ரோலுக்கே போய்விட்டது.

இந்தியாவின் முதல் முயற்சிகள்

இந்தியாவுக்கு வருவோம். 1993ல் 'லவ்பேர்டு' என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார் வந்தது. கேரளத்தின் சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கிய எட்டி கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. சார்ஜுக்கு 60 கி.மீ. அளவில் ஓடும். மிகச் சில கார்களே விற்றன.

அடுத்து 2001ல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் 'ரேவா'. லண்டன் தெருக்களில் கூட 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடிய கார் அது. 2010ல் மகிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. ரேவா சார்ஜுக்கு 80 கி.மீ. ஓடும், முழுதாக நிரம்ப சுமார் 8 மணி நேரம் ஆகும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெங்களூரிலிருந்து சென்னை 350 கி.மீ. முழு சார்ஜோடு கிளம்பினாலும் வழியில் நான்கு முறை நிறுத்த வேண்டும். நான்கு எட்டு முப்பத்திரண்டு மணி நேரம் நின்றபடியே போய்விடும்! மாட்டு வண்டிக்காரர் கூட சத்திரத்தில் அவ்வளவு நேரம் தங்கியிருக்க மாட்டார். ரேவாவைச் செய்தவர்களும் இதை நெடுஞ்சாலைக்கு என்று சொல்லவில்லை. அது நகரத்துக்கான கார். 1900ல் இருந்த அதே எல்லைக்கோடு 2001லும் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த கோனா

எல்லைக்கோட்டை அழித்தது லித்தியம் பேட்டரி. அதே எடைக்கு ஈய பேட்டரியை விடப் பல மடங்கு மின்சாரம் பிடிக்கும். செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் என்று வளர்ந்து விலை குறைந்த அந்த பேட்டரி, காருக்குள் வந்தது.

2019 ஜூலை 9 அன்று ஹூண்டாய் 'கோனா எலெக்ட்ரிக்' காரை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. பொருத்தப்பட்டது படப்பைக்கு வடக்கே இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டை ஆலையில். பேட்டரி 39.2 யூனிட் பிடிக்கும். (வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான்.) சான்றிதழில் போட்டிருந்த தூரம் 452 கி.மீ. விலை 25 லட்சத்துக்கு மேல்.

452 கி.மீ. என்றால் படப்பையிலிருந்து மதுரைக்கு நிற்காமல் போகலாமே என்று தோன்றும். சோதனைக்கூடத்து தூரம் வேறு, சாலையில் கிடைக்கும் தூரம் வேறு. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு 90, 100ல் போகும்போது ஒரு யூனிட்டுக்கு 6, 7 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் முழு பேட்டரிக்கு 250 கி.மீ. அளவில்தான் வரும். அதாவது பெரம்பலூர்ப் பக்கம் கார் நின்றுவிடும்!

அங்கே யார் வீட்டிலாவது 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால்? மணிக்கு மூன்று யூனிட் சொச்சம் ஏறும். பேட்டரி நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொங்கலுக்கு முதல் நாள் கிளம்பியவர் பொங்கலைப் பெரம்பலூரில்தான் வைக்க வேண்டும். நெடுஞ்சாலை வேக சார்ஜர் இருந்தால் கதையே வேறு. மணிக்கு 30 யூனிட் தரும் சார்ஜரில் ஒன்றேகால் மணி, 60 யூனிட் தரும் சார்ஜரில் அதில் பாதி நேரம். ஆனால் 2019ல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் அப்படிப்பட்ட சார்ஜரைக் காண்பதே அரிது. கார் படப்பைக்குப் பக்கத்திலேயே தயாராகிவிட்டது, ஜி.எஸ்.டி. சாலை இன்னும் தயாராகவில்லை. 1908ன் கதையேதான்!

சாலையோரம் மாறுகிறது

மாற்றம் சட்டத்தில் முதலில் வந்தது. மின்சாரத்தை விற்க உரிமம் வேண்டும் என்பது பழைய விதி. கார் சார்ஜ் செய்வது மின்சாரம் விற்பது ஆகாது, அது ஒரு சேவை, உரிமம் தேவையில்லை என்று 2018ல் மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம், நெடுந்தூர வண்டிகளுக்கு 100 கி.மீ.க்கு ஒரு வேக சார்ஜர் என்று இலக்கு வைத்தன. 1968ல் அந்த மாணவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே 100 கி.மீ.தான்!

அதன் பிறகு ஓட்டல்காரர்களும் களத்தில் இறங்கினார்கள். சாப்பிட நிற்கிற இடத்திலேயே சார்ஜர் வைத்தால் காத்திருக்கும் நேரம் வீணாகாது, வியாபாரமும் நடக்கும். கோவையைச் சேர்ந்த ஜியான் போன்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் வேக சார்ஜர்களை வைத்தன. 2022ல் பாரத் பெட்ரோலியம், சென்னை - திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் தன் 10 பங்க்குகளில் வேக சார்ஜர் வைத்தது. போக வர 900 கி.மீ. நீளம். பெட்ரோல் விற்ற இடத்திலேயே கரண்ட்! பெர்த்தா பென்ஸுக்கு மருந்துக் கடை உதவியது போல, மின்சாரக் காருக்கு இப்போது பெட்ரோல் பங்க் உதவுகிறது.

2023ல் டாடா நிறுவனம் ஒரு நெக்ஸான் காரை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓட்டிக் காட்டியது. 4,003 கி.மீ., 95 மணி 46 நிமிடம். இதில் சார்ஜுக்கு நின்றது மட்டும் 28 மணி நேரம். நிற்கும் நேரத்தையும் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு சுமார் 42 கி.மீ. 1968 போட்டியில் அது மணிக்கு 25 கி.மீ. முக்கியமான வித்தியாசம் வேகத்தில் இல்லை. 1968ல் சார்ஜர்களைப் போட்டிக்கென்று ஏற்பாடு செய்தார்கள். 2023ல் அவர்கள் நின்றது பொதுமக்கள் பயன்படுத்தும் சார்ஜர்களில். அவர்கள் போன பிறகும் அவை அங்கேயே இருந்தன.

படப்பையைச் சுற்றியும் கார்கள் மாறின. 2022ல் சீனாவின் பி.ஒய்.டி. 'அட்டோ 3' காரை ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தி விற்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் ஹூண்டாய் 'கிரெட்டா எலெக்ட்ரிக்' காரைக் கொண்டு வந்தது. கோனாவை விட விலை குறைவு, பெரிய பேட்டரியில் 51.4 யூனிட் பிடிக்கும். கோனா வந்து ஆறு ஆண்டுகள் கூட ஆகவில்லை.

இன்று படப்பையிலிருந்து கிளம்பினால்

இப்போது இரவில் வீட்டில் முழு சார்ஜ் போட்டுவிட்டு அதிகாலை கிளம்புகிற குடும்பம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் டிபனுக்கு ஒரு முறை, திருச்சிப் பக்கம் இன்னொரு முறை நின்றால் மதியத்துக்குள் மதுரை போய்விடலாம். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வழியில் காத்திருக்கக் கூடாது என்பது இந்தப் பயணம் செய்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம். காலி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு உடனே சீட் கிடைக்கும், கடைசியில் ஏறுகிறவர் இடம் தேடி அலைவார் அல்லவா? பேட்டரிக்குள்ளும் அப்படித்தான். கடைசி 20 சதவீதம் மெதுவாகவே ஏறும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? சாதாரண நாளில் பெரும்பாலும் தீர்ந்தது. பண்டிகை நாளில் இல்லை! பெட்ரோல் போட ஐந்து நிமிடம். பத்து கார் வரிசையில் நின்றாலும் ஒரு மணிக்குள் நகர்ந்துவிடும். சார்ஜருக்கு ஒரு காருக்கு முக்கால் மணி என்றால், ஒரே ஒரு சார்ஜர் இருக்கும் இடத்தில் நான்காவதாக நிற்பவர் இரண்டேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு சார்ஜரும் பழுதாகியிருந்தால்? போனில் ஆப் 'இருக்கிறது' என்று காட்டும், நேரில் போனால் திரை கறுப்பாக இருக்கும். பெட்ரோல் தீர்ந்தவருக்கு யாராவது பைக்கில் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து தரலாம். சார்ஜ் தீர்ந்தவருக்கு அப்படித் தர முடியாது. 1888ல் இருந்த அந்த ஒரு வித்தியாசம் இன்னும் போகவில்லை.

அதனால்தான் எத்தனை கி.மீ. ஓடும் என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து மின்சாரக் காரை எடை போடுவது போதாது. ஒரே இடத்தில் எத்தனை சார்ஜர், அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார், பண்டிகைக்கு முந்தின இரவு அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா... இவைதான் இனி கேட்க வேண்டிய கேள்விகள். ஃப்ரிட்ச்லி அருமையான கார் செய்தும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாததால்தான் அவர் கார் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு முடித்து வருகிற தொழிலாளி, தன் கையால் பொருத்திய மாதிரி மின்சாரக் கார் ஒன்றைப் பின்னாளில் பழைய வண்டியாகவாவது வாங்கி, பிள்ளைகுட்டிகளோடு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் காலம் வரத்தான் போகிறது. அன்றைக்கு அவர் முதல் நாள் இரவு பேப்பரும் பேனாவுமாக உட்காராமல், பைகளை ஏற்றிக்கொண்டு அப்படியே கிளம்ப முடிய வேண்டும். அதற்கான வேலை ஆலைக்குள் பெருமளவு முடிந்துவிட்டது. மீதி வேலை செங்கல்பட்டுக்கும் மதுரைக்கும் நடுவே, சாலையோரத்தில் இருக்கிறது.